ஜப்பானிய விஞ்ஞானிகளின் ஊர்க்கூட்டங்கள்: பேசிக் கலைவதா, வேலை நடக்கிறதா?

கேள்வி இது: "ஜப்பானில் விஞ்ஞானிகள் மாகாணத்துக்கு மாகாணம் கிளை வைத்து, சுற்றுச்சூழல் மாசு, அணு உலை, போர் ஆராய்ச்சி என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாமே, அதனால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை தீர்மானம் போட்டுக் கலைந்துவிடுகிறார்களா?"

நடந்திருக்கிறது. ஒரு பெட்ரோகெமிக்கல் வளாகமே வராமல் போயிருக்கிறது. பேசிக் கலைந்த கூட்டங்களும் ஏராளம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான விஷயம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நீங்கள் கேள்விப்பட்ட அமைப்பு எது என்று பார்ப்போம். அநேகமாக அது 1965 டிசம்பரில் தொடங்கிய 'நிஹோன் ககாகுஷா கைகி', அதாவது ஜப்பான் விஞ்ஞானிகள் மன்றமாக இருக்கும். அரசு அமைப்பு அல்ல. தனி ஆட்கள் சந்தா கட்டிச் சேர்வது. பெயரில் விஞ்ஞானி என்று இருந்தாலும் பொருளாதாரம், சட்டம், வரலாறு படித்தவர்களும் உள்ளே இருக்கிறார்கள். மாகாணக் கிளைகள், பல்கலைக்கழகங்களுக்குள் சிறு குழுக்கள், ஒரு மாத இதழ், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாடு தழுவிய ஆய்வுக் கூட்டம். இடதுசாரிச் சாய்வு உண்டு, அதை யாரும் மறைப்பதுமில்லை. போர் முடிந்த கையோடு 1946ல் தொடங்கிய ஜனநாயக விஞ்ஞானிகள் சங்கத்தின் வழியில் வந்தவர்கள் இவர்கள் என்று சொல்லலாம். கிளைக் கூட்டம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஊர்ப் பொதுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள், வாசலில் ஒரு மேசை, அச்சடித்த தாள்களின் செலவுக்கு 500 யென் மாதிரி ஒரு தொகை, ஒருவர் பேச்சு, பிறகு நீண்ட கேள்வி நேரம். ஜப்பானில் குடிமக்கள் நடத்தும் பெரும்பாலான கூட்டங்களின் உருவம் இதுதான்.

ஆனால் இந்த மரபின் உயிர்நாடியைப் பார்க்க வேண்டுமானால், அந்த மன்றம் பிறப்பதற்கு ஓர் ஆண்டு முன்னால் போக வேண்டும். 1964, ஷிசுவோகா மாகாணம்.

ஃபுஜி மலையின் தெற்கே மிஷிமா, நுமாசு என்று இரண்டு நகரங்கள், நடுவில் ஷிமிசு என்ற சிற்றூர். 1963 டிசம்பரில் மாகாண அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது: எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சுமிதோமோ கெமிக்கலின் பெட்ரோகெமிக்கல் ஆலை, டோக்கியோ மின்சார நிறுவனத்தின் அனல்மின் நிலையம், மூன்றும் சேர்ந்த ஒரு வளாகம். ஜப்பானில் அப்போது வளர்ச்சி வெறி உச்சத்தில் இருந்த காலம். ஊருக்கு ஆலை வருகிறது என்றால் மேளம் கொட்டி வரவேற்பார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. ஃபுஜி மலையில் விழும் பனியும் மழையும் நிலத்துக்குள் இறங்கி இந்தப் பக்கம் ஊற்றாக வெளியே வருகின்றன. ஷிமிசுவின் ககிதா ஆறு முழுக்க முழுக்க ஊற்று நீர், ஒரு நாளைக்குச் சுமார் 10 லட்சம் டன். மிஷிமா மக்களோ, ஆலைகள் நிலத்தடி நீரை இறைக்க ஆரம்பித்த பிறகு தங்கள் ஊர் ஊற்றுகள் வற்றுவதை ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்கள். அதோடு, 1959ல் இயங்கத் தொடங்கிய, யோக்காயிச்சி நகரத்தின் பெட்ரோகெமிக்கல் வளாகத்தைச் சுற்றி ஆஸ்துமா பரவுகிறது என்ற செய்தியும் வந்துகொண்டிருந்தது.

மிஷிமாவில்தான் தேசிய மரபணுவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஒரு துறைக்குத் தலைவராக இருந்தவர் மட்சுமுரா செய்ஜி. மிஷிமா மேயர் ஹசேகவா தைசோ அவரிடம் போய், இந்த வளாகம் வந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து சொல்லுங்கள் என்று கேட்டார். மட்சுமுரா குழுவில் ஆய்வுக்கூடத்துக்காரர்களோடு நுமாசு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் வானிலையில் ஈடுபாடு கொண்ட நிஷியோகா அகியோ. காசு கிடையாது. கருவிகளும் பெரிதாகக் கிடையாது. மரபணுவியல்காரருக்குப் புகையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். நியாயமான கேள்விதான்!

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஜப்பானில் மே 5 சிறுவர் நாள். அதையொட்டி ஆண் குழந்தை உள்ள வீடுகளில் உயரமான கம்பம் நட்டு, கெண்டை மீன் வடிவத்தில் தைத்த நீளமான துணிகளைப் பறக்கவிடுவார்கள். வாய் திறந்த துணிக்குழாய், காற்று உள்ளே புகுந்ததும் மீன் நீந்துவது போல நீளும். நிஷியோகாவும் சக ஆசிரியர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கக் காற்றுத்திசை காட்டிகள் இலவசமாகத் தொங்குகின்றன, குறித்துக்கொள்ள ஆள்தானே வேண்டும்? சுமார் 300 மாணவர்கள், பத்து நாள், தங்கள் தெருவிலும் தோட்டத்திலும் உள்ள கெண்டை மீன்கள் எந்தத் திசையில் நீள்கின்றன என்று நேரம் போட்டுக் குறித்தார்கள். வரைபடத்தில் அத்தனையும் ஏற்றியபோது கடற்காற்றும் நிலக்காற்றும் நாள் முழுக்க எப்படி மாறுகின்றன, குன்றுகளில் மோதி எங்கே திரும்புகின்றன என்பது தெரிந்தது. கடல் நீரோட்டத்துக்குப் புட்டிகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். மலைப்பாதையில் ஏறி, உயரத்துக்கு உயரம் நிறுத்தி வெப்பநிலை எடுத்தார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது. சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். கீழே உள்ள சூடான காற்று புகையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். மலைகள் சூழ்ந்த இடத்தில் இரவில் இது தலைகீழாகலாம்: குளிர்ந்த காற்று கீழே தேங்க, சூடான காற்று மேலே மூடி போட்டது மாதிரி நிற்கும். அப்போது புகைபோக்கி எவ்வளவு உயரம் என்றாலும் மூடிக்கு அடியில் இருந்தால் புகை ஊருக்குள்ளேயே சுற்றும். உயரமான புகைபோக்கி கட்டினால் பிரச்சினை இல்லை என்பது அன்றைக்கு அதிகாரிகள் தரப்பின் வழக்கமான பதில். அந்தப் பதிலுக்கு இடியே இந்த அளவெடுப்புதான்.

1964 மே மாதம் மட்சுமுரா குழு அறிக்கை வெளியிட்டது: மாசு வரும் வாய்ப்பு பலமாக இருக்கிறது. மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. குரோகாவா மசதகே தலைமையில் நிபுணர் குழு ஒன்றை அனுப்பியது. அவர்களிடம் ஹெலிகாப்டர் இருந்தது, காற்றுச் சுரங்கச் சோதனை இருந்தது. ஜூலை கடைசியில் வந்த அவர்களுடைய அறிக்கை, தக்க ஏற்பாடுகள் செய்தால் மாசைத் தவிர்க்கலாம் என்றது. ஆகஸ்ட் 1ஆம் தேதி டோக்கியோவில் இரண்டு குழுக்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. உள்ளூர்க்காரர்கள் அறிக்கையைப் பக்கம் பக்கமாக எடுத்துக் கேட்டார்கள்: இந்த எண் எங்கே அளந்தது, எத்தனை நாள் அளந்தது, அதற்கும் இந்த முடிவுக்கும் பொருத்தம் எங்கே? அந்த மலைச்சரிவில் ஏறி இறங்கிய பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊர்க் காற்று அரசு நிபுணர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது கூட்டங்களுக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதும் அதைத்தானே. இந்தக் காலகட்டத்தில் மூன்று ஊர்களிலும் 300க்கும் மேற்பட்ட படிப்புக் கூட்டங்கள் நடந்தன. மீனவர் சங்கம், விவசாயிகள், பெண்கள் குழு, தெருக்குழு என்று தனித்தனியாக. மேடைப் பேச்சு குறைவு. ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து யோக்காயிச்சி போய், மோந்து பார்த்து, அங்கே உள்ளவர்களிடம் பேசிவிட்டு வந்தார்கள். எடுத்த படங்களை ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஆசிரியர்கள் கந்தக டைஆக்சைடு என்றால் என்ன, ஒரு டன் எண்ணெய் எரித்தால் எவ்வளவு வரும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். கூட்டத்தில் எழுந்த கேள்வி மறுநாள் அளவெடுப்புக்குப் போனது, அளவெடுப்பில் கிடைத்தது அடுத்த கூட்டத்துக்கு வந்தது. என் பார்வையில் இந்தப் போக்குவரத்துதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். விஞ்ஞானி வந்து அறிவைக் கொட்டிவிட்டுப் போகிற கூட்டமாக இருந்திருந்தால் 300 எங்கே, மூன்றுக்கு மேல் ஆள் வந்திருக்காது.

செப்டம்பர் 13ஆம் தேதி நுமாசுவில் 25,000 பேர் திரண்டார்கள். அந்த மாதமே நுமாசு நகராட்சி பின்வாங்கியது, ஆண்டு முடிவதற்குள் முழுத் திட்டமும் போனது. அதிவேக வளர்ச்சிக் காலத்தில் இப்படி ஒரு மாபெரும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் நின்றதற்கு முன்மாதிரி கிடையாது. மாசுத் தடுப்பு அடிப்படைச் சட்டம் 1967ல் வந்ததற்கு மிஷிமா, நுமாசு கொடுத்த அதிர்ச்சியும் ஒரு காரணம் என்று ஜப்பானிய சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்தில் 'பொருளாதார வளர்ச்சியோடு இசைந்து' என்று ஒரு வாசகத்தைச் சொருகி வைத்தார்கள் என்பதும், 1970ல் நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியபோதுதான் அது நீங்கியது என்பதும் தனிக்கதை.

அடுத்தது உய் ஜுன் என்ற மாசு ஆய்வாளர். இவருடைய கூட்டம் கிராமத்தில் நடந்ததல்ல, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவுக் கட்டடத்தில், மாலை வேளையில். 1970 அக்டோபரில் தொடங்கி 1985 வரை நடந்த இந்தத் திறந்த வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மதிப்பெண் இல்லை, பட்டம் இல்லை, வேலைக்கும் உதவாது என்பதை ஒரு தகுதியாகவே சொன்னார். உய் ஒரு காலத்தில் வேதிப்பொருள் ஆலையில் வேலை பார்த்தவர். பாதரசம் கலந்த கழிவை வெளியே விட்ட வேலையில் தானும் இருந்ததை அவர் மறைத்ததில்லை. மினமாட்டா என்ற கடலோர ஊரில் மீன் சாப்பிட்டவர்களின் நரம்பைத் தாக்கிய மினமாட்டா நோய்க்கு ஆலைக்கழிவு காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் அந்த நினைவு அவரை விடவில்லை, மினமாட்டாவுக்கே போய்த் தோண்ட ஆரம்பித்தார்.

அவர் சொன்ன ஒன்று எனக்கு எப்போதும் பயன்படுகிறது. கிழக்காசியக் கவிதையில் நான்கு வரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு: தொடக்கம், தொடர்ச்சி, திருப்பம், முடிவு. மாசுப் பிரச்சினையும் அப்படித்தான் போகும் என்றார் உய். முதலில் நோய் தெரியவரும். பிறகு காரணம் கண்டுபிடிக்கப்படும். மூன்றாவதாகத் திருப்பம்: எங்கிருந்தோ மாற்றுக் கருத்துகள் முளைக்கும். நான்காவதாக, எது உண்மை என்றே தெரியாமல் எல்லாம் சேர்ந்து மங்கிப்போகும். மினமாட்டாவில் வரிக்கு வரி நடந்தது. 1956 மே 1ஆம் தேதி நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு காரணம் கரிமப் பாதரசம் என்று சொன்னது. உடனே திருப்பம்: போர்க்காலத்தில் கடலில் கொட்டிய வெடிகுண்டுகள் காரணம் என்றார் வேதித்தொழில் சங்கத்துக்காரர், அழுகிய மீனில் உண்டாகும் அமீன் காரணம் என்றார் டோக்கியோவின் ஒரு பேராசிரியர். அரசு பாதரசத்தை ஒப்புக்கொள்ள 1968 செப்டம்பர் ஆனது. நடுவில் போன ஒன்பது ஆண்டும் விஷம் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

இதிலிருந்து உய் எடுத்த முடிவு கடுமையானது. மாசு விவகாரத்தில் மூன்றாம் தரப்பு என்று ஒன்று கிடையாது; நான் நடுநிலை என்று சொல்கிறவர் செயலில் மாசு செய்தவர் பக்கம்தான் நிற்கிறார். முழுவதும் ஒத்துக்கொள்ள முடியுமா என்று எனக்குத் தயக்கம் உண்டு. எல்லா விஷயத்துக்கும் இதை நீட்டினால், பிடிக்காத முடிவைச் சொல்கிற ஒவ்வொரு விஞ்ஞானியையும் விலைபோனவர் என்று தள்ளிவிடலாம். ஆனால் 1959ல் மினமாட்டா மீனவர் ஒருவர் நிலையில் இருந்து பார்த்தால் உய் சொன்னதில் பிழை தெரியாது. அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல: 21 ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வே இல்லாத உதவியாளராக இருந்து, 1986ல் ஒகினாவா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் பேராசிரியர் ஆனார்.

கூட்டம் என்பது பேச்சைத் தாண்டி நிறுவனமாகவே ஆகிப்போன இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. கமியோகா சுரங்கம். நியூட்ரினோ ஆராய்ச்சிக்காக இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு நோபல் பரிசு வாங்கித் தந்த அந்த நிலத்தடித் தொட்டிகள் இருப்பது இதே சுரங்கத்தில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே எடுத்த துத்தநாகத்தோடு வந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் ஜின்சு ஆற்றில் இறங்கி, டொயாமாவின் வயல்களுக்குப் போய், அரிசி வழியாகப் பெண்களின் எலும்பை நொறுக்கியது. வலி தாளாமல் அவர்கள் கத்தியதே நோயின் பெயராயிற்று: இதாய்-இதாய், 'வலிக்குதே, வலிக்குதே'. காரணத்தைப் பிடித்தவர்கள் ஊர் மருத்துவர் ஹகினோ நோபோரு, மாதிரிகளை ஆராய்ந்து தந்த ஒகயாமா பல்கலைக்கழகத்தின் கோபயாஷி ஜுன் ஆகியோர். 1968 மே மாதம் அரசு இதை மாசு நோயாக ஒப்புக்கொண்டது. அப்படி ஒப்புக்கொண்ட முதல் நோய் இதுதான். 1972 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் ஜெயித்தார்கள்.

ஜெயித்த மறுநாள் நஷ்டஈட்டுத் தொகையோடு நிற்காமல் நிறுவனத்திடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். ஊர்க்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் தாங்கள் தேர்ந்தெடுத்த விஞ்ஞானிகளைக் கூட்டிக்கொண்டு ஆலைக்குள் போகலாம், மாதிரி எடுக்கலாம், ஆவணம் கேட்கலாம், செலவு நிறுவனத்துடையது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் விவசாயிகள், வழக்கறிஞர்கள், பல்கலைக்கழக ஆட்கள் எல்லாரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சுரங்கத்தின் வடிகால்களையும் கழிவுக் குவியலையும் சுற்றிப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு நிறுவனத்தோடு உட்கார்ந்து, போன ஆண்டு சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்கிறார்கள். ஆற்று நீரில் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியது இப்படிப் படிப்படியாகத்தான். முதல் சில ஆண்டு இரு தரப்புக்கும் நம்பிக்கையே கிடையாது. பின்னால் ஆலைப் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் ஒரே குழாயின் கசிவைச் சேர்ந்து தேடும் நிலைக்கு வந்தது. 2013 டிசம்பரில் இரு தரப்பும் முழுத் தீர்வு என்று கையெழுத்திட்டார்கள்.

அணுசக்தி விஷயத்தில் குமாதோரி. ஒசாகா மாகாணத்தில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அணு உலை இருக்கும் ஊர். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அணுமின் திட்டத்தைக் கேள்வி கேட்ட ஆறு பேர் இருந்தார்கள். 'குமாதோரி அறுவர்' என்றே பெயர். 1970களில் இகதா அணுமின் நிலைய வழக்கில் ஊர்க்காரர்கள் பக்கம் நின்றார்கள். 1980ல் தொடங்கி, வெளியாட்களும் வரலாம் என்று ஒரு தொடர் கருத்தரங்கு நடத்தினார்கள். 2016ல் கடைசி ஆள் இமனாகா தெட்சுஜி ஓய்வு பெறும் வரை நூற்றுக்கும் மேற்பட்ட அமர்வுகள். பதவி உயர்வுக் கதை இங்கேயும் அதேதான்: கொய்தே ஹிரோவாகி பேராசிரியர் ஆகாமல், ஆசிரியர் பதவியின் அடிப்படியிலேயே 2015ல் ஓய்வு பெற்றார்.

புகுஷிமா விபத்து நடந்த 2011 மார்ச் கடைசியில் இமனாகாவும் சிலரும் காரில் இய்தாதே கிராமத்துக்குப் போனார்கள். உலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல் வடமேற்கே. வெளியேறச் சொன்ன வட்டத்துக்கு வெளியே இருந்ததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். காரை நிறுத்தி நிறுத்தி அளந்ததில், சில இடங்களில் கதிர்வீச்சு மணிக்கு 20 மைக்ரோசீவர்ட்டுக்கும் மேல். இயல்பான அளவு 0.1ஐ ஒட்டி இருக்கும். ஏப்ரல் 22ஆம் தேதி அரசு அந்தக் கிராமத்தைத் திட்டமிட்ட வெளியேற்றப் பகுதியாக அறிவித்தது. காற்றுக்கு வட்டம் தெரியாது என்பதை நுமாசுவின் கெண்டை மீன் பையன்கள் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

சரி, இன்றைக்கு? கிளைக் கூட்டங்கள் நடக்கின்றன. பருவநிலை, அணு உலைகளை மறுபடி இயக்குவது, பாதுகாப்பு அமைச்சகப் பணத்தில் ஆராய்ச்சி செய்யலாமா, 2020ல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் பேரவைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆறு பேரை அன்றைய பிரதமர் சுகா நியமிக்க மறுத்தது என்று பேச விஷயத்துக்குக் குறையில்லை. வருகிற தலைகளில்தான் நரை அதிகம். இதற்கு இளைஞர்களைக் குறை சொல்வது சுலபம், ஆனால் காரணம் வேறு. 2004ல் தேசியப் பல்கலைக்கழகங்களைத் தனி நிறுவனங்களாக்கி, அரசு மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இளம் ஆய்வாளர்களில் பெரும்பங்கு சில ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். உய்க்கும் கொய்தேவுக்கும் உயர்வுதான் மறுக்கப்பட்டது, வேலை போகவில்லை. அதே துணிச்சலை ஒப்பந்தக்காரரிடம் எதிர்பார்த்தால், அவர் ஒப்பந்தம் முடிந்த பிறகு வாடகை எப்படிக் கட்டுவார்?

இன்னொரு குறை, அறையில் இருக்கும் எல்லாரும் ஏற்கெனவே ஒரே கருத்துக்காரர்களாக இருப்பது. ஆலைப் பொறியாளர் வராத கூட்டத்தில் ஆலையைப் பற்றி என்ன கண்டுபிடிக்க முடியும்? 2000களின் நடுவில் பரவிய, காபி குடித்தபடி விஞ்ஞானியோடு பேசும் 'சயின்ஸ் கஃபே' கூட்டங்களில் கட்சி வாடை இல்லை, இளைஞர்களும் வருகிறார்கள், ஆனால் அங்கே காபி நன்றாக இருக்கிறது என்பதைத் தாண்டிப் பெரிதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. யாரும் எதையும் அளப்பதில்லை.

ஜப்பானில் இருந்தால் அல்லது போக வாய்ப்பு வந்தால், கிளைக் கூட்டங்களில் பலவற்றுக்கு உறுப்பினராக இல்லாமலே போகலாம். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் டொயாமாவில் 2012ல் திறந்த இதாய்-இதாய் நோய் அருங்காட்சியகத்துக்கும், யோக்காயிச்சியில் 2015ல் திறந்த மாசு அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பாருங்கள். இரண்டிலும் நுழைவு இலவசம். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டொயாமாவைச் சொல்வேன்.